ஆட்டுக்கொல்லி நோயின் தடம் பிடிப்பது எப்படி? கொழும்பிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வத்தளையில் வீட்டுப் பின்வளவில் இரண்டு மறி வைத்திருப்பவர், ஹங்வெல்லையில் பட்டி வைத்திருக்கும் ஒரு அக்கா, இறைச்சிக்கடைகளுக்கு ஆடு கொண்டுவந்து கொடுக்கும் ஒரு தம்பி என்று பலரும் போனில் கேட்டவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் மிருக வைத்தியர் அல்ல. ஆடு வளர்ப்பவர்களுக்குக் கணக்குக் கொப்பி எழுதிக் கொடுக்கப்போய், அந்தக் கணக்கு வழியாக நோய்க்கணக்கில் விழுந்தவன். மருந்து பற்றிக் கேட்டால் வைத்தியரிடம் அனுப்பிவிடுவேன். நோய் எங்கிருந்து எங்கே போனது என்று கேட்டால் கொஞ்சம் கூடவே பேசுவேன்.

ஆட்டுக்கொல்லி என்பதும் பி.பி.ஆர். என்பதும் ஒன்றா?

ஒன்றுதான். பி.பி.ஆர். என்பது ஒரு பிரெஞ்சுப் பெயரின் சுருக்கம். சிறிய அசைபோடும் விலங்குகளின் கொள்ளைநோய் என்று பொருள். மேற்கு ஆபிரிக்காவில், அப்போது பிரெஞ்சு ஆட்சியிலிருந்த ஐவரி கோஸ்டில் 1942 இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆட்டுக்கொல்லி என்பது தமிழ்நாட்டு வழக்கு. இரண்டில் எதைச் சொன்னாலும் வைத்தியருக்கு விளங்கும்.

இதை உண்டாக்கும் வைரஸ், நம் பிள்ளைகளுக்கு வரும் சின்னமுத்து வைரசுக்கு நெருங்கிய சொந்தம். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பரும், ஒரு காலத்தில் மாடுகளை வாரிக்கொண்டு போன ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டு வெக்கையும் அதே குடும்பம்தான். வெள்ளாடும் செம்மறியும்தான் இதன் இரை. தொற்றிய ஆடுகளில் 30 முதல் 70 வீதம் வரை செத்துப்போகலாம். இதற்கு முன் இந்த வைரசைக் கண்டிராத பட்டி என்றால் கணக்கு இன்னும் மோசமாகும்.

தடம் பிடிப்பவருக்கு உதவும் விடயம் ஒன்று இருக்கிறது. பிழைத்த ஆட்டுக்கு ஆயுள் முழுக்க எதிர்ப்புச் சக்தி கிடைக்கிறது. அது நோயை உள்ளே ஒளித்து வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் பரப்புவதில்லை. ஆகவே இன்று ஒரு ஆட்டுக்கு நோய் வந்திருக்கிறது என்றால், கடந்த சில நாட்களுக்குள் இன்னொரு நோயுற்ற ஆடு அதன் பக்கத்தில் நின்றிருக்கிறது. அந்த இன்னொரு ஆட்டைக் கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும்.

கொழும்பில் ஆடே குறைவு. நமக்கு இதில் என்ன?

ஆடு வளர்ப்பது குறைவு, ஆடு வந்து சேர்வது அதிகம். வடக்கு, கிழக்கு, புத்தளம், குருநாகல் பக்கம் வளர்ந்த ஆடுகள் லொறியேறி இங்கேதான் வருகின்றன. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய இரண்டு கிழமையும், தீபாவளிக்கு முந்திய சில நாட்களும் அந்த வரத்து பெருகும். நாலு திசை ஆடுகள் ஒரு கொட்டிலில் மூக்கோடு மூக்கு உரசி நிற்பது இங்கேதான். வெட்டுக்குப் போகிற ஆட்டோடு கதை முடிந்துவிடும். ஆனால் கொட்டிலில் நின்ற ஒரு நல்ல கிடாயைப் பார்த்து, இதை வெட்டக்கூடாது, வளர்ப்புக்கு நல்லது என்று யாராவது வாங்கி அவிசாவளைப் பக்கம் கொண்டுபோனால், கொழும்பு அன்றைக்கு ஒரு சந்திப்பு நிலையமாகிவிடுகிறது.

கடலுக்கு அந்தப் பக்கத்தையும் பாருங்கள். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது 1987 இல், தமிழ்நாட்டில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில். இன்று இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளம் எங்கும் வேர்விட்டிருக்கிறது. அதே 1987 இல் இலங்கையில் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். இந்திய அமைதிப்படையினரின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு ரிண்டர்பெஸ்ட் வைரஸ் தீவுக்குள் நுழைந்தது. ஆட்டோடு வந்தது மாட்டையும் எருமையையும் வீழ்த்தியது. அதை முற்றாக ஒழிக்க 1990களின் நடுப்பகுதி வரை ஆனது. பாக்குநீரிணை நோய்க்குத் தடையாக நிற்கும், நாம் ஆட்டைப் படகிலோ கப்பலிலோ ஏற்றாதவரை.

இலங்கையின் இன்றைய நிலவரம் என்ன என்று கேட்பவர்களுக்கு: பேராதனையிலுள்ள கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் சொல்வதுதான் கணக்கு. வாட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவை வைத்து ஆட்டை விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

மனிதருக்குத் தொற்றுமா?

தொற்றாது. சின்னமுத்துக்குச் சொந்தம் என்று சொன்னதும் பயப்படுகிறார்கள். சொந்தம்தான், ஆனால் இந்த வைரஸ் மனிதருக்கு நோய் தருவதில்லை. அதற்காக நோயுற்ற ஆட்டை அறுத்து விற்கலாம் என்று அர்த்தமில்லை. நோயுற்ற விலங்கின் இறைச்சி நல்ல இறைச்சி அல்ல. அதோடு, அந்த ஆட்டை அறுக்க இழுத்துக்கொண்டு போகும் வழியெல்லாம் நோயும் கூடவே போகும்.

சளியும் கழிச்சலும் ஆட்டுக்கு எப்போதும் வருவதுதானே? இது வேறு என்று எப்படித் தெரியும்?

நியாயமான கேள்வி. வைத்தியர்களே கண்ணால் பார்த்து மட்டும் சத்தியம் செய்யமாட்டார்கள்.

வழக்கமான வரிசை இப்படி இருக்கும். முதலில் திடீர்க் காய்ச்சல், 40 அல்லது 41 பாகை வரை. ஆடு குழையைத் தொடாது, தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வடியும். ஓரிரு நாளில் அது தடித்து, மூக்கை அடைத்து, கண் இமைகளை ஒட்டவைக்கும். அப்புறம் வாயில் புண், நாற்றம். அதற்குப் பிறகு கழிச்சலும் இருமலும் மூச்சுத்திணறலும். சினைப்பட்ட மறி கருச்சிதைக்கலாம்.

இதில் ஒவ்வொன்றும் தனித்தனியாக வேறு நோயிலும் வரும். வாயில் புண் என்றால் காலிலும் வாயிலும் புண் வரும் கால்-வாய் நோயாக இருக்கலாம், உதட்டில் பொருக்குத்தட்டும் வாய்ப்புண் அம்மையாகவும் இருக்கலாம். கழிச்சல் என்றால் குடற்புழு. இருமல் என்றால் சாதாரண நிமோனியா. மூக்கு, வாய், வயிறு மூன்றும் ஒரே கிழமைக்குள் கெட்டு, அதுவும் பல ஆடுகளுக்கு அடுத்தடுத்து வந்தால்தான் சந்தேகம் வலுக்கிறது.

பெயர் வைக்கத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நோயே சாட்சி. ரிண்டர்பெஸ்ட் இருந்த காலத்தில் ஆடுகள் இப்படிச் செத்தால், அதுவும் மாட்டு வெக்கைதான் என்று எழுதிவைத்த இடங்கள் பல. இரண்டையும் பிரித்துக்காட்டும் பரிசோதனைகள் வந்த பிறகுதான் ஆட்டுக்கொல்லியின் உண்மையான வரைபடம் வெளியே வந்தது. நோய் புதிதாகப் பரவியதா, அல்லது இருந்ததை இப்போதுதான் கண்டோமா என்ற சந்தேகம் இந்தத் துறையில் இன்னும் விட்டுப்போகவில்லை.

பரவலைத் தேடுவது என்றால் உண்மையில் என்ன செய்வார்கள்?

ஆய்வுகூடம், கணினி என்று கற்பனை செய்யாதீர்கள். தொடக்கம் ஒரு கொப்பியும் பேனையும்தான்.

ஒரு கற்பனைப் பட்டியை வைத்துச் சொல்கிறேன். இருபது ஆடுகள். மாதம் 3 ஆம் திகதி வெளியிலிருந்து ஒரு கிடாய் வாங்கி வருகிறார்கள். 7 ஆம் திகதி அதற்குக் காய்ச்சல். 13, 14 ஆம் திகதிகளில் அதே மூலையில் கட்டியிருந்த மூன்று ஆடுகள் தலையைத் தொங்கப்போடுகின்றன. 19 இலிருந்து 21 க்குள் எட்டு ஆடுகள். இந்தத் திகதிகளை ஒரு கோட்டில் குறித்துப் பாருங்கள். ஒன்று, இடைவெளி, மூன்று, இடைவெளி, எட்டு. படிக்கட்டு மாதிரி ஏறும். ஒவ்வொரு படிக்கும் இடையில் ஐந்தாறு நாள். தொற்றிய ஆட்டுக்கு அறிகுறி வெளிப்படப் பெரும்பாலும் 4 முதல் 6 நாட்கள் ஆவதால்தான் அந்த இடைவெளி. இந்தப் படிக்கட்டுத்தான் தொற்றுநோயின் கைரேகை.

எல்லா ஆடும் ஒரே நாளில் விழுந்தால் படிக்கட்டு இல்லை, ஒரே செங்குத்து. அது நஞ்சு, கெட்ட தீவனம், அல்லது காலநிலை. மாதக்கணக்கில் அங்கொன்று இங்கொன்று என்றால் குடற்புழுவோ போசாக்குக் குறைவோ இருக்கலாம். ஆய்வுகூட முடிவு வருவதற்கு முன்பே இவ்வளவையும் திகதிகள் சொல்லிவிடும். ஆனால் ஒரு நிபந்தனை. செத்த திகதியை மட்டும் எழுதினால் போதாது, முதன்முதலாகத் தீவனம் மறுத்த திகதி வேண்டும். சாவு ஒவ்வொரு ஆட்டிலும் ஒவ்வொரு வேகத்தில் வரும். அதை வைத்துக் கோடு போட்டால் படிக்கட்டு கலைந்துவிடும். பலரும் விடும் பிழை இது. என்னுடைய முதல் கொப்பியிலும் சாவுத் திகதிகள் மட்டும்தான் இருந்தன. எழுதியதெல்லாம் வீண்.

2022 டிசம்பரில் வடக்கில் ஆடுமாடு செத்ததே, அது இந்த நோயா?

இல்லை. புயல் வங்காள விரிகுடாவில் இருந்த அந்த நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் திடீரென்று குளிர் இறங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்தன. காரணம் தெரியும்வரை இறைச்சியை மாகாணம் விட்டு மாகாணம் கொண்டுபோவது தற்காலிகமாகத் தடைசெய்யப்பட்டது. கொழும்பில் அந்த நாட்களில் எது உண்மை என்று தெரியாமல் ஆட்டிறைச்சி வாங்கவே பலர் தயங்கினார்கள். பரிசோதனைகளுக்குப் பிறகு, குளிர் அதிர்ச்சிதான் காரணம் என்று தெரியவந்தது.

இதை ஒரு பாடமாகவே எடுத்துச் சொல்வேன். மேலே சொன்ன படிக்கட்டு அங்கே இல்லை. ஓரிரு இரவுகளில் பரந்த இடத்தில் ஒரேயடியாகச் சாவு, பிறகு வெயில் வந்ததும் நின்றது. தொற்றுநோய் வெயிலைப் பார்த்து நிற்காது. அதே நேரம், முதலில் தடை போட்டதும் பிழையில்லை. தொற்றாக இருந்திருந்தால் அந்த இரண்டு மூன்று நாளில் ஓடிய லொறிகளுக்குப் பின்னால் ஓடிப் பிடிக்க முடியாது.

21 நாள் என்று ஒரு கணக்குச் சொல்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

அறிகுறி வெளிப்படப் பெரும்பாலும் ஒரு கிழமைக்குள்தான். சில ஆடுகளில் இரண்டு கிழமை வரை இழுக்கும். உலக விலங்கு சுகாதார அமைப்பு தன் விதிகளில் பாதுகாப்புக்காக 21 நாள் என்று வைத்திருக்கிறது. அந்த எண்ணை இரண்டு பக்கமும் பயன்படுத்தலாம்.

பின்னோக்கி: நோய் கண்ட நாளிலிருந்து 21 நாள் பின்னால் போய், அந்தப் பட்டிக்குள் என்னென்ன வந்தன என்று கேட்பது. வாங்கிய ஆடு, இனச்சேர்க்கைக்கு இரவல் வந்த கிடாய், பக்கத்து வீட்டு ஆட்டோடு சேர்ந்து மேய்ந்தது, சந்தைக்குப் போய் விலைபடாமல் திரும்பி வந்த ஆடு. கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலும் யாரும் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அது 'வெளி ஆடு' என்ற நினைப்பே வராது. நம் ஆடுதானே என்பார்கள். நம் ஆடுதான், ஆனால் ஊர் ஆடுகளோடு ஒரு பகல் முழுக்க நின்றுவிட்டு வந்திருக்கிறது.

முன்னோக்கி: அதே நாட்களில் இந்தப் பட்டியிலிருந்து எங்கெல்லாம் ஆடு போனது என்று கேட்பது. இங்கேதான் மன்னார்க் கணக்கு வருகிறது. மன்னாரில் ஏற்றிய ஆடு ஒரே நாளில் கொழும்பு வந்து சேரும். வைரசோ அறிகுறி காட்ட நாலைந்து நாள் எடுக்கும். ஆடு நன்றாகத்தான் இருந்தது என்று விற்றவர் சொல்வதும் உண்மை, வாங்கிய நாலாம் நாள் விழுந்தது என்று வாங்கியவர் சொல்வதும் உண்மை. இதனால் கிளம்பும் சண்டைகளில் நான் யார் பக்கமும் நிற்பதில்லை.

புதிதாக வாங்கிய ஆட்டை 21 நாள் தனியாகக் கட்டினால் இந்தச் சண்டைக்கே இடமில்லை. தனியாக என்றால் வேறு கொட்டில், வேறு தண்ணீர்ச் சட்டி. ஒரே கொட்டிலில் நடுவில் ஒரு தடி வைத்துக் கட்டுவது தனிமைப்படுத்தல் ஆகாது.

காற்றிலும் பூச்சியிலும் பரவுமா? சோழகக் காற்றில் ஊர் ஊராகப் போகுமா?

இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் துளிகளில் போகும். ஆனால் பக்கத்தில் நிற்கும் ஆட்டுக்குத்தான். கண்ணீர், சளி, எச்சில், சாணம் எல்லாவற்றிலும் வைரஸ் இருக்கும். அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே வெளிவரத் தொடங்கிவிடும். ஆனால் உடலுக்கு வெளியே அது நீண்டநாள் தாங்காது. வெயிலும் சவர்க்காரமும் அதை அழித்துவிடும். ஊர் விட்டு ஊர் காற்றில் பறக்கும் வைரஸ் இது அல்ல.

மாடுகளுக்கு வரும் தோல்கழலை நோய் 2020 இல் வடக்கில் தொடங்கியது நினைவிருக்கும். அதைக் கடிக்கிற பூச்சிகள் சுமக்கின்றன, ஆகவே அதன் தடம் பிடிக்கக் காற்றையும் மழையையும் பூச்சிக் காலத்தையும் பார்க்கவேண்டும். ஆட்டுக்கொல்லிக்கு ஆடு மட்டும் போதும். ஆட்டின் கால் எங்கே போனதோ, லொறியின் சில்லு எங்கே உருண்டதோ, அதுதான் நோயின் பாதை. சீனாவில் 2013 இன் இறுதியில் சின்ஜியாங்கில் தொடங்கிய பரவல் சில மாதங்களுக்குள் 20க்கும் மேற்பட்ட மாகாணங்களைத் தொட்டது. ஆடு வியாபாரத்தின் வேகம் அது.

ஆய்வுகூடத்துக்கு என்ன எடுத்து அனுப்புவார்கள்?

இரண்டு வகை. வைரசைத் தேடுவது ஒன்று, வைரஸ் வந்துபோன அடையாளத்தைத் தேடுவது மற்றது.

வைரசைத் தேட, கண்ணிலும் மூக்கிலும் பஞ்சுக்குச்சியால் ஒற்றியெடுத்து, குளிரில் வைத்து அனுப்பி பி.சி.ஆர். செய்வார்கள். கொரோனா காலத்தில் நம் மூக்கில் விட்டதே, அதே யோசனை. செத்த ஆடு என்றால் நிணநீர்க் கணுக்கள், மண்ணீரல், நுரையீரல் துண்டுகள். நேரம் முக்கியம். காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாட்களில் எடுத்தால் கிடைக்கும். ஆடு தேறத் தொடங்கிய பிறகு எடுத்தால் குச்சி வெறுமையாக வரும். அதனால்தான் மிகவும் மோசமாகக் கிடக்கும் ஆட்டைக் காட்டிவிட்டு, நேற்றுத்தான் தீவனம் மறுத்த ஆட்டை மறைக்காதீர்கள் என்று சொல்வது. வைத்தியருக்கு அந்த இரண்டாவது ஆடுதான் பொன். கொட்டிலடியிலேயே சில நிமிடங்களில் முடிவு சொல்லும் பட்டைப் பரிசோதனையும் இருக்கிறது, கர்ப்பம் பார்க்கும் பட்டை மாதிரி.

வந்துபோன அடையாளத்தைத் தேட இரத்தம் எடுத்து, எலைசா என்ற பரிசோதனையில் எதிர்ப்பொருள், அதாவது நோயை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருள், இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆடு பிழைத்து மாதங்கள் ஆனாலும் அது இரத்தத்தில் இருக்கும். நம் நாட்டில் இப்படியான மாதிரிகள் பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையிலுள்ள கால்நடை வைத்திய ஆராய்ச்சி நிறுவகத்துக்குப் போகும்.

பெரிய மந்தையில் எல்லா ஆட்டுக்கும் இரத்தம் எடுக்க வேண்டுமா?

வேண்டாம். இந்தக் கணக்கு எனக்குப் பிடித்தமானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெரிய மந்தையில் பத்துக்கு ஒரு ஆட்டுக்காவது நோய் வந்துபோயிருக்கும் என்று வைப்போம். ஒரு ஆட்டை எடுத்தால் அது நோய் படாத ஆடாக இருக்க 10 க்கு 9 வாய்ப்பு. இரண்டை எடுத்து இரண்டுமே அப்படி இருக்க 100 க்கு 81. இப்படிப் பெருக்கிக்கொண்டே போனால், 29 ஆடுகளில் பார்த்தும் ஒன்றுகூட அகப்படாமல் போக 20 க்கு ஒரு வாய்ப்புக்கும் குறைவு. ஆகவே 29 ஆட்டில் இரத்தம் எடுத்து எல்லாம் சுத்தம் என்றால், இங்கே பத்து வீதமோ அதற்குக் கூடவோ ஆடுகளுக்கு நோய் வந்துபோகவில்லை என்று 95 வீத நம்பிக்கையோடு சொல்லலாம். ஐந்து வீதம்தான் வந்துபோயிருக்கும் என்று சந்தேகப்பட்டால் 59 ஆடு வேண்டும். ஒரு வீதம் என்றால் 299. சந்தேகம் மெல்லியதாக மெல்லியதாக வலை பெரிதாக வேண்டும்.

ஆட்டைத் தெரிவுசெய்வதில் ஏமாற்றம் நடந்தால் எண்ணிக்கையால் பயனில்லை. பிடிக்க இலகுவாக வாசலில் நிற்கும் கிழட்டு மறிகளிடமே 29 இரத்தமும் எடுத்து முடித்த ஒரு கணக்கை நான் பார்த்திருக்கிறேன். கணக்கும் சரி, இரத்தமும் சரி, முடிவு மட்டும் ஒன்றுக்கும் உதவாதது.

தடுப்பூசி இருக்கிறதே, போட்டுவிட்டால் தேடவே தேவையில்லையே?

தடுப்பூசி நல்லது. ஒரு முறை போட்டால் குறைந்தது மூன்று வருடம் காக்கும். ஆனால் தேடுபவருக்கு அது ஒரு தலையிடியையும் தருகிறது. இன்று பரவலாகப் பயன்படும் உயிர்த் தடுப்பூசி தரும் எதிர்ப்பொருளும், நோய் வந்து பிழைத்த ஆட்டின் எதிர்ப்பொருளும் எலைசாவில் ஒரே மாதிரித் தெரியும். ஊசி போட்ட ஊரில் இரத்தம் எடுத்தால், இது ஊசியா நோயா என்று பிரிக்க முடியாது.

அதற்குச் சில சுற்றுவழிகள் உண்டு. ஒன்று, ஊசி போட்ட பிறகு பிறந்த, இன்னும் ஊசி படாத குட்டிகளைப் பார்ப்பது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் முதல் சில மாதங்களில் கரைந்துவிடும். ஆறு மாதம் தாண்டிய அப்படியான குட்டியில் எதிர்ப்பொருள் இருந்தால் வைரஸ் அங்கே உலாவியிருக்கிறது. மற்றது இன்னும் அழகானது. மாட்டுக்கும் எருமைக்கும் இந்த வைரஸ் தொற்றும், ஆனால் நோய் வராது, அவை திருப்பிப் பரப்பவும் மாட்டா. அவற்றுக்கு யாரும் இந்த ஊசியைப் போடுவதில்லை. ஆகவே ஆட்டோடு ஒன்றாக மேயும் மாட்டின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் கண்டால், அந்த மாடு ஒரு சாட்சி. வாய் பேசாத சாட்சி, பொய்யும் சொல்லாது.

ஊசிப் புத்தகத்தில் திகதியும் ஆட்டின் அடையாளமும் எழுதாமல் விடுவதால் எவ்வளவு வேலை கெடுகிறது என்று இப்போது விளங்கும்.

மரபணுவைப் பார்த்து எங்கிருந்து வந்தது என்று சொல்கிறார்களே?

வைரஸ் பெருகும்போது சின்னச் சின்ன எழுத்துப்பிழைகள் விடும். பிழைகளை ஒப்பிட்டால் எது எதற்குச் சொந்தம் என்று தெரியும். ஆட்டுக்கொல்லி வைரஸ்களை நான்கு பரம்பரைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஆசியாவில் பெரும்பாலும் இருப்பது நான்காவது. அதுவே இப்போது ஆபிரிக்காவுக்குள்ளும் பரவியிருக்கிறது.

2024 ஜூலையில் கிரேக்கத்திலும் ருமேனியாவிலும், 2025 ஜனவரியில் ஹங்கேரியிலும் இந்த நோய் முதன்முறையாக வந்தபோது இந்த ஒப்பீடுதான் கைகொடுத்தது. ஆனால் மரபணு ஒரு சொந்தக்காரர் பட்டியல்தான். இவர் அவருக்குச் சித்தப்பா மகன் என்று சொல்லும், யார் எந்த லொறியில் வந்தார் என்று சொல்லாது. அதற்குத் திரும்பவும் கொப்பியிடம்தான் வரவேண்டும்.

இணையத்தில் நோய் வரைபடம் பார்த்தேன். சிவப்புப் புள்ளி இல்லாத இடம் பாதுகாப்பானதுதானே?

புள்ளி என்பது நோய் இருந்த இடம் அல்ல, நோயை யாரோ பார்த்து, யாரிடமோ சொல்லி, அவர் எழுதி அனுப்பிய இடம். இந்த மூன்றில் ஒன்று அறுந்தாலும் புள்ளி விழாது. நல்ல வைத்தியரும் அக்கறையுள்ள வளர்ப்பாளரும் இருக்கும் பிரதேசம் வரைபடத்தில் சிவப்பாகத் தெரியும். யாரும் எட்டிப் பார்க்காத பிரதேசம் வெள்ளையாக, பார்க்கவே அழகாக இருக்கும். எனக்கு வெள்ளை இடத்தைப் பார்த்தால்தான் பயம்.

சொன்னால் ஆட்டையெல்லாம் கொன்றுவிடுவார்களா?

புள்ளி விழாமல் போவதற்கு முதற்காரணமே இந்தக் கேள்விதான். நாட்டுக்கு நாடு வழி வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு பட்டியில் உறுதியானால் அந்தப் பட்டி முழுவதும் போகும். சுற்றி 3 கிலோமீற்றருக்குப் பாதுகாப்பு வலயமும் 10 கிலோமீற்றருக்குக் கண்காணிப்பு வலயமும் போடுவார்கள். நோய் வேர்விட்ட தெற்காசிய நாடுகள் பெரும்பாலும் தடுப்பூசியையே நம்புகின்றன.

இலங்கையில் 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் இருக்கிறது. சந்தேகம் வந்தவுடன் பிரதேச அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். பயம் எனக்கு விளங்குகிறது. நாலு ஆட்டை வைத்துப் பிள்ளையின் ரியூஷன் காசு கட்டும் வீடுகள் எனக்குத் தெரியும். ஆனால் மறைத்துவைத்து இரவோடு இரவாக விற்றால் ஆடு போகும் வீடும் அப்படியான வீடாகத்தான் இருக்கும்.

மான்களுக்கும் வருமா?

காட்டு ஆடுகள், மறிமான் வகைகள் எல்லாவற்றுக்கும் வரலாம். மொங்கோலியாவில் 2016 இன் இறுதியிலும் 2017 இலும் சைகா என்ற அரிய மறிமான்கள் ஆயிரக்கணக்கில் இதனால் மடிந்தன. வீட்டு ஆடுகளிடமிருந்து போனதுதான்.

2030 க்குள் உலகிலிருந்தே ஒழிப்போம் என்கிறார்களே, நடக்குமா?

ஐ.நா. உணவு விவசாய அமைப்பும் உலக விலங்கு சுகாதார அமைப்பும் 2015 இல் ஐவரி கோஸ்டின் அபிஜான் நகரில் எடுத்த இலக்கு அது. நடக்கக்கூடிய ஆசைதான். சொந்தக்காரனான ரிண்டர்பெஸ்டை 2011 இல் ஒழித்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் அதுதான். நல்ல தடுப்பூசி, ஒளிந்திருக்காத வைரஸ் என்று இங்கேயும் அதே வசதிகள் இருக்கின்றன. ஆனால் ஆடு என்பது மாடு மாதிரி அல்ல. சீக்கிரம் பெருகும், சீக்கிரம் கைமாறும். இன்று எல்லா ஆட்டுக்கும் ஊசி போட்டாலும், அடுத்த வருடம் பட்டியில் பெரும்பகுதி புதுக் குட்டிகளாக இருக்கும். 2030 என்ற திகதியை நான் பெரிதாக நம்பவில்லை, இலக்கை நம்புகிறேன்.

என்னிடம் ஐந்து ஆடுதான். கொப்பியில் என்ன எழுத வேண்டும்?

ஆட்டுக்கு ஒரு பக்கம். காதில் இலக்கத் தகடு இருந்தால் இலக்கம், இல்லாவிட்டால் நிறமும் கொம்பும். வந்த திகதி, யாரிடமிருந்து, எந்த வாகனத்தில். ஊசித் திகதி. வெளியே போய் வந்தால் போன இடம், திரும்பிய திகதி. நோய் என்றால் முதன்முதலாகத் தீவனம் மறுத்த திகதி. விற்றால் யாருக்கு, எங்கே. ஆட்டைக் கொண்டுபோகும் அனுமதிப்பத்திரத்தையும் சுகாதாரச் சான்றிதழையும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கடதாசி மழையில் கரைந்துவிடும்.

எந்த மொழியில் எழுதுவது? எங்கள் பகுதி வைத்தியர் சிங்களம்.

உங்களுக்கு எது ஓடுமோ அதில் எழுதுங்கள். திகதியை மட்டும் எண்ணில், நாள், மாதம், வருடம் என்று ஒரே ஒழுங்கில் போடுங்கள். ஆட்டின் பெயருக்குப் பக்கத்தில் அதன் முகத்தைச் சின்னதாக வரைந்து, வெள்ளைப் பொட்டு எங்கே, கொம்பு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று காட்டுங்கள். ஹங்வெல்லை அக்காவின் கொப்பி முழுக்கத் தமிழ்தான். அவர் பகுதி வைத்தியர் அதைப் புரட்டிப் பார்த்து, படத்தில் இருந்த ஒற்றைக் கொம்புக் கிடாயை நேரே போய்ப் பிடித்து இரத்தம் எடுத்தார்.